அய்யா காரு பேசிய தமிழ்

பேய், ஆவி என்று எதையும் நான் நம்பினவன் இல்லை. என் பிழைப்பு அப்படி. படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களை அவரவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது என்று எல்லாம் செய்வேன். எத்தனையோ பேர் என் கண்ணெதிரிலேயே போயிருக்கிறார்கள். இமையை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டிவிட்டு, பிள்ளைகள் வந்து சேரும்வரை அதே அறையில் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறேன். ஒருவரும் திரும்பி வந்து என்னைத் தொந்தரவு செய்ததில்லை. இந்த வேலையில் இருக்கிற மற்றவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அதனால் நீங்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. பேய் இருக்கிறது என்று சொல்லவும் நான் வரவில்லை. என் காதால் கேட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் பிச்சாட்டூர் பக்கம். பெயர் தணிகாசலம். திருப்பதியில் என்னைச் சலம் என்பார்கள். ஊரில் கொஞ்சம் நிலம், ஒரு பசு, என் மனைவி மல்லிகா, எங்க நைனா. நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அம்மா முன்னமே போய்விட்டாள். நான் திருப்பதியில் ஏஜென்சி மூலமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போவேன், அதுவும் மாற்று ஆள் வந்தால்தான்.

அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓங்கோல் பக்கத்துக்காரர். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திருப்பதிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். அவர் அங்கே ஏதோ அரசாங்க ஆபீசில் கடைசிவரை வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மனைவி போன பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்து கொஞ்ச நாளில் கைகால் நடுக்க நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தார். தமிழில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. நான் மல்லிகாவோடு ஃபோனில் பேசினால், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது உன் பாஷை என்று தெலுங்கில் கேலி செய்வார். அது அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில். பிறகு பேச்சும் தேய்ந்துபோய், கடைசியில் உம் என்பதுகூட இல்லாமல் ஆகிவிட்டது. அவரை நான் அய்யா காரு என்று கூப்பிடுவேன், காரு என்பது தெலுங்கில் மரியாதைக்குச் சேர்ப்பது.

மகனுக்கு ஹைதராபாத்தில் வேலை. வீட்டில் மருமகள் லலிதாம்மா மட்டும்தான். நல்ல மனுஷி. எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி என்று வைக்காதவர். அய்யா காரு படுத்திருந்த அறையில் ஒரே ஒரு பெரிய ஜன்னல், அதைத் திறந்தால் மலை தெரியும். மலையைப் பார்த்தபடி படுக்க வைத்தால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதனால் பகல் முழுக்க ஜன்னலைத் திறந்தே வைப்பேன். உடம்பு துடைக்கும்போது மட்டும் குளிர்காற்று படாமல் மூடிவிடுவேன்.

அந்த மாதம் நைனாவுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு நெஞ்சில் சளி என்றார்கள். புத்தூரில் காட்டி, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. மல்லிகா ஃபோனில் சொன்னாள்:

"ஒரு தபா வந்துட்டுப் போயேன். வாயத் தொறந்து கேக்க மாட்டேங்குறாரு. ஆனா வாசப்பக்கமே பாத்துகினு கீறாரு."

லலிதாம்மாவிடம் சொன்னேன். உடனே போய்ட்டு வா என்றார். ஏஜென்சியில் மாற்று ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நாளைக்கு என்றார்கள், மறுநாளும் நாளைக்கு என்றார்கள். லலிதாம்மாவுக்கு முதுகுத்தண்டில் தொந்தரவு, அய்யா காருவைத் தனியாகப் புரட்ட முடியாது. நான் விட்டுவிட்டுப் போனால் அந்த மனிதர் ஒரே பக்கமாகக் கிடந்து முதுகு வெந்துபோகும். திருப்பதியிலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்றும் சீமை தூரம் இல்லை. நாராயணவனம் தாண்டினால் பிச்சாட்டூர். இருந்தும் போக முடியவில்லை. ஊரான் அப்பாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டே, நம் அப்பாவுக்கு யார் துடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மல்லிகாதான் துடைத்தாள். மாமனாருக்கு மருமகள் அதைச் செய்யவேண்டி வந்ததில் நைனா கூசிப்போனார் என்று அவள் பிறகு சொன்னாள்.

இனிமேல்தான் விஷயம். ராத்திரி இல்லை, அமாவாசை இல்லை, நல்ல காலை நேரம். வெளியே வெயில் காய்கிறது. சமையலறையில் லலிதாம்மா பருப்புக்குக் குக்கர் வைத்திருந்தார். நான் ஜன்னலை மூடிவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்து அய்யா காருக்கு உடம்பு துடைத்து முடித்து, முதுகுக்குப் பவுடர் போட அவரை இடது பக்கமாகப் புரட்டினேன். தோளைப் பிடித்து ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அப்போது அவர் சொன்னார்:

"மெதுவாடா மொட்டே. இடுப்பு நோவுது."

என் கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் எனக்குத் தலையில் புண் வந்துகொண்டே இருக்கும் என்று அடிக்கடி மொட்டை அடித்துவிடுவார்கள். அதிலிருந்து நைனா என்னை மொட்டே என்றுதான் கூப்பிடுவார். மல்லிகா அப்படிக் கூப்பிட மாட்டாள். திருப்பதியில் அந்தப் பேர் யாருக்கும் தெரியாது.

குரல் அய்யா காருடைய குரல்தான், அதில் பொய் சொல்லமாட்டேன். நாள்கணக்காகப் பேசாத தொண்டை, கரகரவென்று இருந்தது. ஆனால் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. ஓங்கோல்காரர் ஒருத்தர் தமிழ் கற்றுக்கொண்டு பேசினால்கூட அந்த இழுப்பு வராது. அவரை மெல்ல மல்லாக்கப் படுக்க வைத்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"வெயில் ஏறிக்கினு கீது பாரு. மாட்ட நெழலுக்கு மாத்திக் கட்டு."

பிறகு கண்ணைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். நெற்றி சுருங்கி, பிறகு முகம் முழுக்க விரிந்தது. அத்தனை மாதத்தில் அவர் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

"வந்துட்டியா? எப்போடா வந்தே? துன்னியா?"

என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று புரியவில்லை. வாய் பழக்கத்துக்குத்தான் போயிற்று. தினமும் சொல்வதையே சொன்னேன், தெலுங்கில்.

"ஏம் காவாலி, அய்யா காரு?"

என்ன வேண்டும் ஐயா என்று, வேலைக்காரன் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அந்த முகம் அப்படியே அணைந்துபோயிற்று. கோபம் இல்லை. வீடு மாறி வந்து கதவைத் தட்டிவிட்டவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி. மிகவும் தணிந்த குரலில் சொன்னார்:

"செரி. வேல கீது போல. பாரு."

கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து எந்த மொழியிலும் ஒரு வார்த்தை வரவில்லை, கடைசிவரைக்கும்.

நான் கனவு கண்டேன் என்பீர்கள். தூக்கம் கெட்டவன், அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தவன், காதுக்குள் ஏதோ கேட்டிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் லலிதாம்மா கரண்டியும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றார். உன் நைனா எப்படி இருக்கிறார் என்று தெலுங்கில் கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

"இப்போது பேசியது உன் நைனாதானே? ஸ்பீக்கரில் போட்டிருந்தாயே, தமிழில் பெரியவர் ஒருத்தர் குரல் கேட்டதே."

என் ஃபோன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அதைச் சொல்வதற்குள் அங்கே அது அடிக்க ஆரம்பித்தது. மல்லிகாதான். எடுத்துக் காதில் வைத்தேன், அந்தப் பக்கம் அழுகை மட்டும் வந்தது. அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உதவிக்கு வைத்துக்கொள்கிறேன், நீ கிளம்பு என்றார் லலிதாம்மா. கிளம்பும்போது அய்யா காருவை ஒரு தடவை பார்த்தேன். தூங்குகிற மாதிரி இருந்தார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. நைனா எப்போது வந்தாய் என்று கேட்டாரே, அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதான் நைனா வந்தேன். இவ்வளவுதான் சொல்லவேண்டியது. இதைச் சொல்ல எத்தனை நேரமாகும்?

ஊரில் நைனாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் போன பிறகு எடுத்தார்கள், கொள்ளி வைத்தேன், எல்லாம் முறைப்படி நடந்தது. வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்த பிறகுதான் பசு கொட்டகையில் நிற்பதைப் பார்த்தேன். காலையில் மாட்டை யார் மாற்றிக் கட்டினது என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"யாரு மாத்தனாங்க? எல்லாரும் அவரச் சுத்தி உக்காந்துகினு இருந்தோம். அது பாவம் வெயில்லயே நின்னுகினு இருந்துச்சி. தூக்கிட்டுப் போன பொறவுதான் ஞாபகம் வந்து கொட்டாயில கட்டனேன்" என்றாள் மல்லிகா.

எனக்கு நடந்ததை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன்னு கேக்கட்டா, தப்பா நெனக்காத. சாரதான்னு உங்களுக்குச் சொந்தத்துல யாருனா கீறாங்களா?"

"இல்லியே. ஏன்?"

"காத்தாலேருந்து அந்தப் பேரையே சொல்லிகினு இருந்தாரு. தெலுங்குல. சாரதா, கிட்டிகி தெருவு, கொண்ட கனபடட்லேதுன்னு."

சாரதா, ஜன்னலைத் திற, மலை தெரியவில்லை. நைனாவுக்குத் தெலுங்கு தெரியாதென்று இல்லை. சந்தைக்குப் போகிறவர், மண்டல ஆபீசுக்குப் போகிறவர், எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது. ஆனால் அது பாதி தமிழ் கலந்த தெலுங்கு. மல்லிகா சொன்னாள்:

"நம்ம ஊர்த் தெலுங்கு இல்ல அது. டிவில நியூஸ் படிக்கறாப்பல அவ்ளோ சுத்தமா கீது. உங்க அத்த மொறச்சிப் பாத்துச்சி, இந்த வயசுல யாருடி சாரதான்னு. எனக்கு வெக்கமா பூட்ச்சி."

நைனா படுத்திருந்த அறையில் ஜன்னலே கிடையாது. கதவு ஒன்றுதான்.

அப்போதுகூட எனக்குச் சாரதா யார் என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. திருப்பதி வீட்டில் அய்யா காருடைய மனைவி படம் மாலை போட்டு மாட்டியிருந்தது உண்மை. ஆனால் அதில் பேர் இல்லை. லலிதாம்மா அவரை அத்தய்யா என்பார், மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகன் அம்மா என்பார். நான் பேரைக் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

கருமாதி முடிந்து திரும்பினேன். அதே வீட்டுக்கே அனுப்பச் சொல்லி லலிதாம்மா கேட்டிருந்தாராம். நான் போன கொஞ்ச நாளில் அந்த அம்மாளுக்குத் திதி வந்தது. ஹைதராபாத்திலிருந்து மகன் வந்திருந்தார். ஹாலில் புரோகிதர் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே அய்யா காருக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். புரோகிதர் அம்மா பேர் என்ன என்று கேட்டது காதில் விழுந்தது. மகன் சொன்னதும் விழுந்தது.

"சாரதம்மா."

கையிலிருந்த சிரிஞ்சு சாய்ந்து கஞ்சி போர்வையில் கொட்டியது. அய்யா காரு ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மாடிக்குப் போய் மல்லிகாவுக்கு ஃபோன் செய்து இரண்டு பக்கத்துக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கத்துவாள், வேலையை விட்டுவிட்டு வா என்பாள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னாள்:

"நா சாரதா இல்ல மாமா, மல்லிகான்னு அவர்கிட்ட சொன்னேன். திரும்பத் திரும்ப அதத்தான் சொன்னேன். தொறந்துட்டேன், மல தெரியுது பாருங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நானும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பெரியவர்கள் வழி தெரியாமல் வந்து கேட்டார்கள், இரண்டு பேருக்கும் நாங்கள் பதில் சொல்லவில்லை. ஒருவேளை பதில் சொல்லியிருந்தால் அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போயிருப்பார்களோ என்று மல்லிகா கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம். அன்றைக்கு நான் கொள்ளி வைத்தது யாருக்கு என்ற எண்ணம் அதிலிருந்துதான் எனக்குப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த அறையில் இருப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. பயம் இல்லை. பயம் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பேன். லலிதாம்மா கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, அவரிடம் தமிழில் பேசிப்பார்ப்பேன். ஏரியில் தண்ணி ஏறியிருக்கிறது, பசு கன்று போட்டிருக்கிறது என்று ஊர்ச் சேதி சொல்வேன். கேட்பதுபோலவும் இருக்கும், கேட்காததுபோலவும் இருக்கும். கண்ணில் தண்ணீர் வழியும், ஆனால் அவருக்கு எப்போதுமே கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருக்கும். நைனா என்று கூப்பிடலாமா என்று எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அவர் இன்னொருத்தருக்கு அப்பா. மகன் தினமும் வீடியோ காலில் நானா, நானா என்று தெலுங்கில் அப்பாவைக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்க்கவில்லையே என்று கலங்குவார். அந்த மனிதரிடமிருந்து ஒன்றைத் திருடுகிற மாதிரி எனக்கு இருந்தது. கூப்பிடாமலேயே விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தால், கூப்பிட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மழைக்காலம் தொடங்கும்போது அய்யா காரு போய்விட்டார். தூக்கத்திலேயே போனார், கஷ்டப்படவில்லை. மகன் வந்து எல்லாம் செய்தார். நான் தெருவில் மற்றவர்களோடு நின்று கும்பிட்டேன். இப்போது சித்தூரில் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இருக்கிறேன், சாதாரணமாகத்தான் போகிறது.

ஒன்றை மட்டும் மல்லிகாவிடமும் சொல்லவில்லை. அய்யா காரு போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருடைய வலது கை ஒரு மாதிரி அசைய ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று அழுத்தும், உருட்டும், விடும். வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர், இந்த நோயில் விரல் அப்படித்தான் மாத்திரை உருட்டுகிற மாதிரி ஆடும், பயப்படாதே என்றார். நானும் வேறு நோயாளிகளிடம் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நோயில் விரல் உருட்டுவதோடு சரி. இவர் அழுத்துவார், உருட்டுவார், பிறகு சுண்டுவிரலால் எதையோ ஓரமாகத் தள்ளுவார். வேர்க்கடலை உரித்துத் தொலியைத் தள்ளுகிறவர்கள் செய்வது அது. சின்ன வயதில் எனக்கு உரித்துக் கொடுக்கும்போது எங்க நைனா சுண்டுவிரலால்தான் தள்ளுவார்.

ஒரு மத்தியானம், ஏன் என்று தெரியாது, அந்தக் கைக்குக் கீழே என் உள்ளங்கையை நீட்டினேன். விரல்கள் ஆடாமல் நின்றன. பிறகு அவர் தன் கையைக் கவிழ்த்து, என் கையில் எதையோ கொட்டுகிற மாதிரி உதறிவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார். ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாத கை அது. அந்தப் பிடி அவ்வளவு உறுதியாக இருந்தது.

பின்கட்டுக்குப் போய்க் கையைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்த ஒன்றுமில்லாததை வாயில் போட்டு மென்றேன். திரும்ப அறைக்கு வந்தபோது அவர் மலையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.